க்ரெட்டாவின் பத்து வருடம்: வேகம் கூடிச்சா, குறைஞ்சுதா?

புது மாடல்னாலே பழசைவிட வேகமா ஓடும் என்று ஒரு நம்பிக்கை நமக்கு. மொபைல் போனைப் பார்த்துப் பழகின மனசு, காரையும் அப்படியே எடைபோடுகிறது. கார் விஷயத்தில் கதை அவ்வளவு நேராகப் போவதில்லை. நம்ம இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில் தயாராகும் ஹூண்டாய் க்ரெட்டாவையே எடுத்துக்கொள்வோம்.

2015 ஜூலையில் முதல் க்ரெட்டா வந்தது. அதில் 1.6 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு 128 குதிரைத்திறன், 260 நியூட்டன் மீட்டர் டார்க். 1.6 பெட்ரோலுக்கு 123 குதிரைத்திறன். சிக்கனம் பார்க்கிறவர்களுக்கு 90 குதிரைத்திறனில் 1.4 டீசலும் இருந்தது. 2020 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை வந்தபோது 1.6 எஞ்சின்கள் இரண்டும் காணாமல் போயின. பதிலுக்கு வந்த 1.5 பெட்ரோல், 1.5 டீசல் இரண்டுமே சுமார் 115 குதிரைத்திறன்தான். அதாவது ஐந்து வருடம் கழித்து வந்த புது வண்டி, பழைய 1.6 வண்டியைவிட சக்தியில் குறைச்சல்!

ஏன்? அந்த ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி கட்டாயமானது. எப்படியும் எஞ்சினை மாற்றித்தான் ஆக வேண்டும். கூடவே 1,500 சிசி என்று ஒரு வரிக்கோடு இருந்தது. நாலு மீட்டரைவிட நீளமான எஸ்யூவிக்கு எஞ்சின் 1,500 சிசியைத் தாண்டினால் ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதம், தாண்டாவிட்டால் 45. பழைய டீசல் 1,582 சிசி, புதுசு 1,493 சிசி. (2025 செப்டம்பரில் இரண்டும் ஒரே 40 சதவீதமாகிவிட்டது. எலெக்ட்ரிக் வண்டிக்கு 5 சதவீதம்தான்.)

வேகம் வேண்டும் என்கிறவர்களுக்கு 2020லேயே 140 குதிரைத்திறனில் 1.4 டர்போ பெட்ரோல் தனியாகக் கொடுத்தார்கள். 2023ல் அது நின்றது. 2024 ஜனவரியில் 160 குதிரைத்திறனில் 1.5 டர்போ வந்தது. இதே எஞ்சினோடு வந்த என் லைன், பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 8.9 வினாடியில் தொடும் என்கிறது கம்பெனி. 2025 ஜனவரியில் வந்த க்ரெட்டா எலெக்ட்ரிக்கில் பெரிய பேட்டரி வண்டிக்கு 171 குதிரைத்திறன், 7.9 வினாடி. சாதாரண 115 குதிரைத்திறன் பெட்ரோல் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஆக க்ரெட்டா வேகமாகவில்லை, க்ரெட்டாவில் வேகம் என்பது தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது என்பதுதான் என் கணிப்பு.

இந்த 8.9, 7.9 எங்கிருந்து வருகிறது? ஒரு சின்ன கணக்கு. ஆளோடு சேர்த்து வண்டி 1,400 கிலோ என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 540 கிலோ ஜூல். 160 குதிரைத்திறன் என்பது 118 கிலோவாட். முழு சக்தியும் முதல் நொடியிலிருந்தே கிடைத்தால் 4.6 வினாடி போதும். ஆகிறதோ 8.9. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எஞ்சின் உச்ச சக்தியைத் தருவது 5,500 சுற்று பக்கம் போனால்தான், கியர் மாறும்போதெல்லாம் அங்கிருந்து இறங்கி மறுபடி ஏற வேண்டும். எலெக்ட்ரிக் வண்டி பேட்டரியால் கனம் கூடியது. 1,650 கிலோ வைத்துப் போட்டால் கணக்குப்படி 5 வினாடி, கம்பெனி சொல்வது 7.9. கனமாக இருந்தும் குறைவாகவே வீணாக்குகிறது. கியர் மாற்றம் கிடையாது, நின்ற இடத்திலிருந்தே முழு டார்க்.

சரி, இதெல்லாம் நமக்கு எங்கே உதவும்? எங்க காட்டுப்பள்ளி பக்கம் சிக்னலிலிருந்து நூறு வரைக்கும் விரட்ட யாருக்கும் வழியில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர் முன்னாடி 40ல் ஊர்ந்துகொண்டிருக்கும். மீஞ்சூர் போவதற்குள் அதைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். அங்கே பார்க்க வேண்டியது வேறு எண்.

40ல் போகும்போது எஞ்சின் 2,000 சுற்றில் இருக்கிறது என்று வைப்போம். டார்க்கை சுற்றோடு பெருக்கினால்தான் அந்த நேரத்துச் சக்தி. சாதாரண பெட்ரோலின் உச்ச டார்க் 144, அதுவும் 4,500 சுற்றில். 2,000லேயே அவ்வளவும் தருகிறது என்று தாராளமாக வைத்தாலும் 41 குதிரைத்திறன்தான். டீசல் 250 நியூட்டன் மீட்டரை 1,500 சுற்றிலிருந்தே தரும். அதே இடத்தில் 71. பேப்பரில் ரெண்டும் 115, ரோட்டில் ஒன்று இன்னொன்றைப் போல ஒன்றே முக்கால் மடங்கு! டர்போ பெட்ரோலும் 253 நியூட்டன் மீட்டரோடு டீசல் பக்கத்தில்தான் நிற்கும். சாதாரண பெட்ரோல் ஓட்டுகிறவர் ரெண்டு கியர் இறக்கி எஞ்சினைக் கத்தவிட வேண்டும். அந்த சத்தத்துக்கே பாதிப்பேர் தயங்குவார்கள்.

தாண்டுவதற்கு இடைவெளி, டிரெய்லர் நீளம் எல்லாம் சேர்த்து 50 மீட்டர் அதிகமாக முன்னேற வேண்டும் என்று வையுங்கள். வினாடிக்கு 1.5 மீட்டர் வீதம் வேகம் கூடினால் 8.2 வினாடி ஆகும். 2.5 வீதம் கூடினால் 6.3 வினாடி. எதிரே ஒரு வண்டி 60ல் வந்தால், முதல் கணக்குக்கு சுமார் 280 மீட்டர் காலி ரோடு வேண்டும், இரண்டாவதுக்கு 225. அந்த 55 மீட்டர்தான் டர்போவுக்குக் கொடுக்கும் காசு.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மெதுவான வண்டி தாண்டி முடிக்கும்போது 84ல் இருக்கும், வேகமானது 97ல். மீன் பெட்டி கட்டின டூவீலர் குறுக்கே வரும் ரோட்டில் 97. பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், அது மூன்றில் ஒரு பங்கு அதிகம். பாதியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த 55 மீட்டர் லாபம்.

வாங்கப்போகிறவர்கள் ஷோரூமில் பூஜ்யம்-நூறு கேட்க வேண்டாம். டெஸ்ட் டிரைவுக்கு நாலு பேரை ஏத்தி, ஏசியைப் போட்டு, 40லிருந்து 80 வரை எத்தனை வினாடி என்று பின்சீட்டில் இருப்பவரை போனில் எண்ணச் சொல்லுங்கள். மேனுவல்னா மூணாவது கியரிலேயே வைத்து ஒரு தடவை, ரெண்டாவதுக்கு இறக்கி ஒரு தடவை.