பாட்டுப் பெட்டி பத்திரம்!

(அறிவியல் பகுதி)



நம்ம பள்ளியில் ரேடியோவும் சேர்ந்த ஒரு சி.டி. பிளேயர் இருக்கு. மேல்மூடியைத் திறந்து சி.டி. போடலாம். ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர், தூக்கிட்டுப் போக ஒரு கைப்பிடி, பின்னாடி ஒரு நீட்டல் ஏரியல். ஆண்டு விழா நெருங்கிடுச்சு. டான்ஸ் பிராக்டிஸுக்கு அந்தப் பெட்டி தினமும் ஒரு வகுப்பு கைமாறுது. அதனால்தான் இந்தக் கட்டுரையை இந்த மாதமே எழுதிடணும்னு நினைத்தேன்.

"செல்போன்லயே பாட்டு கேக்கலாமே, இந்தப் பழைய பெட்டி எதுக்கு?" என்று சிலர் கேட்பீங்க. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது நம்ம வீடுகளில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மின்கம்பங்கள் சாய்ந்து போய், பல கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சார்ஜ் போட வழியில்லாமல் செல்போன் எல்லாம் அணைந்து போச்சு. அந்த மாதிரி நேரத்தில் பேட்டரியில் ஓடுகிற ரேடியோதான் செய்தி சொல்லும். புயலுக்கு முன்னாடி எடுத்து வைக்க வேண்டிய பொருள்களில் பேட்டரி ரேடியோவும் ஒன்று என்று பேரிடர் மேலாண்மைக்காரங்க சொல்றதும் இதனால்தான்.

ஆகவே அந்தப் பெட்டி நமக்கு வேணும். ஆனா அதுக்குள்ளே கரண்ட், லேசர், பேட்டரி ரசாயனம், பெரிய சத்தம் என்று நாலு விஷயம் ஒளிஞ்சிருக்கு. "தொடாதே, செய்யாதே" என்று மட்டும் சொன்னால் நமக்கு மறந்து போகும். ஏன் தொடக்கூடாது என்று தெரிந்தால் மறக்காது. அதனால் ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு எழுதுகிறேன்.

1. கரண்ட்

நம்ம வீட்டுக்கு வருவது 230 வோல்ட். பிளேயருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் அதைச் சில வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. அதாவது ஆபத்து முழுவதும் சுவர் பிளக்கில் ஆரம்பித்து டிரான்ஸ்பார்மர் வரைக்கும் இருக்கு.

சில இடங்களில் பிளக் உடைந்து போனால் வயர் முனையைச் சீவி, பிளக் ஓட்டைக்குள் விட்டு, தீக்குச்சி சொருகி விடுவாங்க. திருவிழாவில், கல்யாண வீட்டில் நானே பார்த்திருக்கேன். இது மிகப் பெரிய ஆபத்து. கால் பட்டு வயர் இழுபட்டால், 230 வோல்ட் ஓடுகிற செம்புக் கம்பி அப்படியே தரையில் கிடக்கும். இணைப்பு இறுக்கமா இல்லாததால் பொறி வந்து தீப்பிடிக்கவும் செய்யும். ஒரு புது பிளக் வாங்க ஆகிற காசு ஒரு உயிரை விடப் பெரிசா?

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. நிறைய பிளேயர்களில் ஆஃப் சுவிட்ச் டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த பக்கம்தான் இருக்கும். பாட்டை நிறுத்தினாலும் டிரான்ஸ்பார்மருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். ராத்திரி ஆஃப் பண்ணின பெட்டியின் பின்பக்கம் காலையில் இளஞ்சூடாக இருந்தால் இதுதான் காரணம். அதனால் சுவர் சுவிட்சை அணைத்து பிளக்கையும் கழற்றணும். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து இழுங்க. ஈரக் கையோடு வேண்டவே வேண்டாம். ஈரமான தோல் வழியாகக் கரண்ட் இன்னும் சுலபமாகப் பாயும்.

வெளிநாட்டில் இருந்து மாமா, சித்தப்பா கொண்டு வந்த செட் வீட்டில் இருக்கா? அதன் பின்புறமோ அடியிலோ 110, 220 என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கலாம். அது 110-இல் இருக்கும்போது நம்ம ஊர் கரண்டில் சொருகினால் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். முதலில் அதைப் பாருங்க.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப் போய் அவரைத் தொடாதீங்க, உங்களுக்கும் அடிக்கும். முதலில் மெயின் சுவிட்சை அணைக்கணும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளிவிட்டு, பெரியவங்களைக் கூப்பிட்டு, 108-க்கு போன் பண்ணணும்.

2. லேசர்

மூடியைத் திறந்தால் உள்ளே குட்டிக் கண்ணாடிக் குண்டு மாதிரி ஒன்று தெரியும். அதுதான் லென்ஸ். அதன் வழியாகத்தான் லேசர் ஒளி மேலே வந்து சி.டி.யில் பட்டுத் திரும்புகிறது. அந்த ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர். நம்ம கண் நன்றாகப் பார்ப்பது சுமார் 400 முதல் 700 வரைதான். அதாவது அந்த ஒளி நமக்குத் தெரியவே தெரியாது, இல்லாவிட்டால் மங்கலான ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரியும்.

இதில் என்ன ஆபத்து? பளிச்சென்று வெளிச்சம் பட்டால் நம்ம கண் தானாக மூடிக்கொள்ளும். அது இயற்கை நமக்குக் கொடுத்த காவல். ஆனா கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குக் கண் சிமிட்டாது! அதனால் உற்றுப் பார்த்தால் விழித்திரை பாதிக்கப்படலாம்.

பயப்பட வேண்டாம். மூடியைத் திறந்ததும் லேசர் தானாக அணையும்படி உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருக்காங்க. அதனால்தான் பெட்டியின் மேல் 'கிளாஸ் 1 லேசர்' என்று எழுதியிருக்கு. மூடிய நிலையில் பாதுகாப்பானது என்று அர்த்தம். அந்தச் சின்ன சுவிட்சைக் குச்சியால் அழுத்தி, "திறந்து வெச்சே சுத்துது பாரு" என்று வித்தை காட்டினால் அந்தக் காவல் போச்சு. தம்பிகளே, இது உங்களுக்காகத்தான் எழுதினேன்!

3. சி.டி. தட்டு

சி.டி.யின் அகலம் 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். பாட்டு உள்ளே நுண்ணிய பள்ளங்களாக, நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகச் சுருள் சுருளாகப் பதிந்திருக்கு. அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 5 கிலோமீட்டர் வரும்!

துடைக்கும்போது எல்லாரும் வட்டமாகத் துடைக்கிறோம். அது தவறு. நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கணும். வட்டமாக விழுகிற கீறல் ஒரே சுருள் பாதையில் நீளமாக ஓடும். சுமார் 2.5 மில்லிமீட்டர் வரைக்கும் விட்டுப்போன பகுதியைப் பிளேயர் தானே கணக்குப் போட்டுச் சரி பண்ணிவிடும். அதைத் தாண்டினால் பாட்டு திக்கும், குதிக்கும். நேர்க்கீறல் என்றால் ஒவ்வொரு சுருளிலும் ஒரு சிறு துளிதான் போகும். பிளேயர் சமாளித்துவிடும்.

பளபளப்பான பக்கத்தைப் பத்திரமா வைத்துவிட்டு, பெயர் எழுதின பக்கத்தைத் தரையில் தேய்க்கிறோம். ஆனா பாட்டுப் பதிந்த படலம் பெயர் எழுதின பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கு. அங்கே ஆழமாகக் கீறினால் சரி பண்ணவே முடியாது.

விரிசல் விட்ட சி.டி., செல்லோ டேப் ஒட்டின சி.டி. இரண்டையும் போடவே கூடாது. உள்ளே நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்று வரை சுழலும். டேப் பிரிந்து மாட்டினால் லென்ஸ் போயிடும்.

4. பேட்டரி கட்டை

பெரிய கட்டை ஒன்றுக்கு 1.5 வோல்ட். ஆறு போட்டால் 9 வோல்ட், எட்டு போட்டால் 12 வோல்ட். "ரெண்டு மட்டும் தீர்ந்திருக்கு, அதை மட்டும் மாத்துவோம்" என்று புதுசையும் பழசையும் கலக்கக்கூடாது. பலமுள்ள கட்டைகள் தீர்ந்த கட்டை வழியாக வலுக்கட்டாயமாகக் கரண்டைத் தள்ளும். அதற்குள் வாயு உண்டாகி, உப்பி, ரசாயனம் ஒழுகும். மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்க. பிளஸ், மைனஸ் பார்த்துப் போடுங்க.

அல்கலைன் கட்டையில் இருந்து ஒழுகுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பத்தாம் வகுப்பில் படித்த அதே வலிமை மிகு காரம்தான்! காய்ந்ததும் வெள்ளைப் பொடி மாதிரி இருக்கும். வெறுங்கையால் தொடக்கூடாது, ஊதக்கூடாது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்து, பிறகு டாக்டரிடம் போகணும்.

தீர்ந்த கட்டையை வெயிலில் காய வைப்பது, கல்லால் தட்டுவது, பல்லால் கடிப்பது எல்லாம் நம்ம ஊர் வைத்தியம். சூடானால் கொஞ்ச நேரம் வேலை செய்வது போலத் தெரியும், ஆனா ஓடு பிளந்து ஒழுகிவிடும். நெருப்பில் போட்டால் வெடிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் பெட்டியைத் தொடப் போவதில்லை என்றால் கட்டைகளைக் கழற்றித் தனியாக வைத்துடுங்க. புயல் நேரத்தில் திறந்தால் உள்ளே துருவும் பொடியும் இருந்தால் ரேடியோ எப்படிப் பாடும்?

5. ஏரியலும் இடியும்

எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் நாலில் ஒரு பங்கு 75 சென்டிமீட்டர். ஏரியலை அந்த அளவுக்கு நீட்டினால் காரைக்கால் வானொலி 100.3 தெளிவாகக் கேட்கும். மீடியம் வேவ் கேட்க அந்த ஏரியல் பயன்படாது. அதற்கான சுருள் பெட்டிக்கு உள்ளேயே இருப்பதால் பெட்டியையே திருப்பிப் பார்க்கணும்.

சிலர் இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று ஏரியலில் ஒரு வயரைக் கட்டி, மொட்டை மாடிக்கோ தென்னை மரத்துக்கோ இழுத்து விடுவாங்க. மின்னல் விழுந்தால் அந்த வயர் வழியாக நேராக வீட்டுக்குள் வரும். ஈ.பி. லைனில் பட்டாலும் அதே கதிதான். இடிச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே பிளக்கைக் கழற்றிடணும். தலைக்கு மேலே இடிக்கும்போது பிளக்கைத் தொடப் போகாதீங்க. பிறகு வீட்டுக்குள், ஏரியலை மடக்கி, பேட்டரியில் செய்தி கேளுங்க.

6. நம்ம காது

சத்தத்தை டெசிபலில் அளக்கிறோம். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் வாரம் முழுக்கச் சேர்த்து வெறும் 20 நிமிடம்! காதுக்குள் ஒலியை உணரும் மயிரிழை போன்ற செல்கள் இருக்கு. அவை செத்துப் போனால் திரும்ப முளைக்காது.

அதனால் ஹெட்போனில் கேட்டால் வால்யூம் பாதியைக் கொஞ்சம் தாண்டினாலே போதும். முன்னாடி கேட்டவங்க ஃபுல்லா வைத்திருக்கலாம். ஆகவே முதலில் வால்யூமைக் குறைத்துவிட்டு அப்புறம் காதில் மாட்டுங்க. ஹெட்போனோடு ரோட்டையோ ரயில் பாதையையோ கடக்கவே கூடாது. ஹாரன் கேட்காது.

பிராக்டிஸுக்கு எடுத்துப் போகிறவர்கள் கவனத்துக்கு:

* பெட்டியை ஏரியலைப் பிடித்துத் தூக்காதீங்க. கைப்பிடி அதற்குத்தான்.
* மேலே தண்ணி பாட்டில், டம்ளர் வைக்காதீங்க. துணி போட்டு மூடி ஓட்டாதீங்க. சூடு வெளியே போகணும்.
* வயர் நடைபாதையில் கிடக்கக் கூடாது. சுவர் ஓரமாக விடுங்க.
* ஜன்னல் வெயிலில் வைக்காதீங்க. சி.டி. வளையும்.
* லென்ஸில் விரல், கைக்குட்டை, தின்னர் எதுவும் கூடாது.
* கரகரவென்று சத்தம், புகை, கருகல் வாசனை வந்தால் முதலில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்க. ஸ்க்ரூவைக் கழற்றாதீங்க. பிளக்கைக் கழற்றின பிறகும் உள்ளே மின்தேக்கியில் மின்னூட்டம் கொஞ்ச நேரம் இருக்கும்.

உங்களுக்குத் தெரியுமா? முதல் சி.டி. பிளேயர் 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சி.டி.யை உருவாக்கியவை சோனி, பிலிப்ஸ் என்ற இரண்டு நிறுவனங்கள். கையில் எடுத்துப் போகும் சின்ன பிளேயரை சோனி 1984-லேயே கொண்டு வந்துவிட்டது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டு ரேடியோவிலோ பிளேயரிலோ மூன்று விஷயம் மட்டும் பாருங்க. பிளக் உடையாமல் இருக்கா? வயர் எங்காவது வெட்டுப்பட்டிருக்கா? பேட்டரி அறையில் வெள்ளைப் பொடி இருக்கா? ஏதாவது இருந்தால் அம்மா அப்பாவிடம் காட்டுங்க. மழைக்காலம் வருவதற்குள் சரி பண்ணி, ஒரு செட் புதுக் கட்டையும் உறை பிரிக்காமல் பக்கத்தில் எடுத்து வையுங்க. வருமுன் காப்போம்!



– பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு மாணவி