பயணிகள் விமானம் - ஆளில்லா வானூர்தி அண்மித்தல்

பறந்து கொண்டிருக்கும் பயணிகள் விமானமும் தொலைவிலிருந்து இயக்கப்படும் ஆளில்லா வானூர்தியும் (டிரோன்) மோதக்கூடிய அளவுக்கு நெருங்குவது அண்மித்தல் நிகழ்வு எனப்படும். இதற்கு இத்தனை மீட்டர் என்ற வரையறை இல்லை. ஐக்கிய இராச்சியத்தில் இவற்றை ஆராயும் ஏர்பிராக்ஸ் வாரியம், பாதுகாப்புக் குறைந்திருக்கலாம் என்று விமானியோ வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரோ கருதும் எந்த நிலையையும் அண்மித்தலாகவே கொள்கிறது. எனவே டிரோன் தொடர்பான பதிவுகளில் பெரும்பாலானவை, விமானி கண்ணால் கண்டதை மட்டுமே சான்றாகக் கொண்டவை ஆகும்.

கருவிகளுக்குப் புலப்படாமை

பெரிய விமானங்களில் டிகாஸ் எனப்படும் மோதல் தவிர்ப்புக் கருவி உண்டு. இது வானை நேரடியாக நோக்குவதில்லை. அருகிலுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களுக்கு வானொலி அலை மூலம் வினா அனுப்பி, வரும் விடையிலிருந்து தொலைவையும் உயரத்தையும் கணிக்கிறது. சிறு டிரோன்களில் பொதுவாக டிரான்ஸ்பாண்டர் இருப்பதில்லை. விடை வராத இடத்தில் எதுவும் இல்லை என்றே கருவி கொள்ளும். பெரும்பகுதி நெகிழியால் ஆன இச்சிறு பொருள் விமான நிலைய ரேடாரிலும் எளிதில் அகப்படாது.

எஞ்சுவது விமானியின் கண். தரையிறங்க வரும் ஏர்பஸ் ஏ320 நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் செல்கிறது. 35 செ.மீ. அகலமுள்ள டிரோனை 300 மீட்டர் தொலைவிலேயே கண்டுகொண்டாலும் கிடைப்பது நான்கு நொடிகளே. மோதும் தடத்தில் உள்ள பொருள் முன்கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் நின்று, பெரிதாகிக்கொண்டே வரும். அசைவை எளிதில் பற்றும் கண் இதனைத் தவறவிடுவது வியப்பன்று. மேலும், உருவளவு தெரியாத பொருளின் தொலைவை மதிப்பிட இயலாது. அருகிலுள்ள சிறியதும் தொலைவிலுள்ள பெரியதும் ஒன்றுபோலவே தோன்றும்.

சில நிகழ்வுகள்

2016 ஏப்ரல் 17 அன்று ஜெனீவாவிலிருந்து இலண்டன் ஹீத்ரோவுக்கு வந்த பிரித்தானிய ஏர்வேஸ் ஏ320 விமானத்தின் மீது டிரோன் மோதியதாக விமானி அறிவித்தார். உலகெங்கும் இது செய்தியானது. ஆனால் விமானத்தில் சேதம் எதுவும் காணப்படவில்லை. அது நெகிழிப் பையாகவும் இருந்திருக்கலாம் எனப் பின்னர் அந்நாட்டு அமைச்சர் ஒருவர் கூறினார்.

2017 அக்டோபர் 12 அன்று கனடாவின் கியூபெக் நகரில் தரையிறங்க வந்த ஸ்கைஜெட் நிறுவனத்தின் கிங் ஏர் ஏ100 விமானத்தில் எட்டுப் பேர் இருந்தனர். அதன் இடது இறக்கையில் டிரோன் மோதியது. விலகிச் செல்ல விமானிக்கு நேரம் இருக்கவில்லை. சேதம் சிறிதே, விமானம் பத்திரமாக இறங்கியது. அக்காலத்தில் அங்கு பொழுதுபோக்கு டிரோன்களுக்கு அனுமதிக்கப்பட்ட உயரம் 90 மீட்டர். மோதல் நிகழ்ந்ததோ அதைவிட மிக அதிகமான உயரத்தில். டிரோனை இயக்கியவர் கண்டறியப்படவில்லை.

2021 ஆகத்து 10 அன்று தொரன்டோவுக்கு அருகில், பயிற்சியில் இருந்த செஸ்னா விமானத்துடன் காவல்துறை டிரோன் ஒன்று மோதியது. இது பயணிகள் விமானம் அன்று எனினும் இங்கே குறிப்பிடத்தக்கது. விமானத்தில் இருந்தவர்கள் டிரோனைக் காணவேயில்லை. பறவை மோதியதாகவே எண்ணினர்.

மோதாமலேயே இழப்பு ஏற்படுவதும் உண்டு. 2018 டிசம்பரில் டிரோன்களைக் கண்டதாக வந்த தகவல்களால் இலண்டன் கேட்விக் விமான நிலையம் முடங்கி, ஏறத்தாழ 1,000 விமானப் பயணங்களும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டனர். குற்றவாளி எவரும் கண்டுபிடிக்கப்படவில்லை.

சேதத்தின் தன்மை

பெரிய பயணிகள் விமானங்களின் முன்கண்ணாடி 1.8 கி.கி. பறவையின் மோதலைத் தாங்க வேண்டும் என்பது சான்றளிப்பு விதி. டிரோன்கள் பல இதைவிட எடை குறைந்தவை. எனினும் எடையை மட்டும் ஒப்பிடுவது பொருந்தாது. பறவையின் உடல் அதிவேக மோதலில் நீர்மம் போல் சிதறிப் பரவும். டிரோனின் மோட்டாரும் மின்கலமும் ஒளிப்படக் கருவியும் கடினமானவை, விசையை ஒரே இடத்தில் செலுத்துபவை. அமெரிக்கக் கூட்டாட்சி வான்பயண நிர்வாகத்துக்காகச் செய்யப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வும், அதே எடையுள்ள பறவையைவிட டிரோன் அதிக சேதம் விளைவிக்கும் எனக் கண்டது.

தொலை அடையாளம்

அமெரிக்காவில் பதிவு செய்யப்பட வேண்டிய டிரோன்கள் பறக்கும்போது தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்ப வேண்டும் என்ற விதி 2024 மார்ச்சு முதல் முழுமையாகச் செயற்படுத்தப்படுகிறது. இயக்குபவரைத் தரையிலிருந்து தேடிப் பிடிக்க இது உதவும். விமானத்தின் டிகாஸ் கருவி இவ்வொலிபரப்பை ஏற்பதில்லை.