8.6 அளவில் குலுங்கியும் சுனாமி வராதது ஏன்? பூமிக்கடியில் நடப்பது என்ன?

காட்டுப்பாக்கம்:

2012 ஏப்ரல் 11-ந்தேதி மதியம் 2 மணி தாண்டி சில நிமிடம். சென்னையில் நாற்காலி, கட்டில் எல்லாம் ஆடியது. ஜனங்கள் அலறியடித்து தெருவுக்கு ஓடி வந்தனர். சுனாமி எச்சரிக்கையும் விடப்பட்டது. ஆனால் பெரிய அலை வரவில்லை. எச்சரிக்கை சாயங்காலமே வாபஸ் ஆனது.

2004 டிசம்பர் 26-ந்தேதி அதே சுமத்ரா பக்கம் 9.1 அளவில் குலுங்கியபோது, தமிழகத்தில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பேர் பலியானார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

அண்டா தண்ணீர் கணக்கு

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு இல்லை. பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. நாம் இருக்கும் இந்திய தட்டு ஆண்டுக்கு சுமார் 5 செ.மீ. நகர்கிறது. நெருக்கடி தாங்காமல் பாறை உடைந்து, இரண்டு பக்கமும் இடம் மாறினால் அதற்கு பெயர் பிளவு. வெறும் விரிசல் வேறு, பிளவு வேறு.

பிளவு மூணு வகை. இழுபட்டு ஒரு பக்கம் கீழே இறங்குவது, நெருக்கப்பட்டு ஒரு பக்கம் மேலே ஏறுவது, பக்கவாட்டில் உரசி நகர்வது.

2004-ல் நடந்தது இரண்டாவது வகை. கடல் தரையே மேலே எழும்பியது. அண்டா தண்ணீரில் கையை அடியில் இருந்து தூக்கினால் தண்ணீர் வழியுமே, அது மாதிரி. 2012-ல் நடந்தது மூன்றாவது வகை. அதே கையை அடியில் பக்கவாட்டில் நகர்த்தினால் தண்ணீர் லேசாக அசையும், அவ்வளவுதான்.

நமக்கு என்ன ஆபத்து?

காட்டுப்பாக்கத்துக்கும் மெரினாவுக்கும் 15 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. அலை பயம் இல்லை. ஆனால் அதிர்வுக்கு தூரம் கிடையாது. 2012-ல் குலுங்கிய இடம் சென்னையில் இருந்து சுமார் 1,800 கி.மீ. தள்ளி இருந்தது. 2001 செப்டம்பர் 25-ந்தேதி புதுச்சேரி அருகே கடலில் ஏற்பட்ட 5.5 அளவு நிலநடுக்கமும் சென்னையில் உணரப்பட்டது. 2002-ல் வந்த கட்டுமான விதிமுறையில் சென்னை 2-ம் மண்டலத்தில் இருந்து 3-ம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது குறிப்பிடத்தக்கது.

பரங்கிமலை மாதிரி கெட்டிப் பாறையில் அதிர்வு சீக்கிரம் கடந்துவிடும். ஏரி, குளத்தை தூர்த்த களிமண் தரையில் அதே அதிர்வு பெரிதாகும்.

அதனால் வீடு கட்டுபவர்கள் மேஸ்திரியிடம் ஒன்று கேட்க வேண்டும். தூணும் பீமும் சேரும் இடத்தில் ரிங் கம்பி நெருக்கமாக கட்டியிருக்கிறாரா? அதன் முனை உள்பக்கமாக நன்றாக மடித்திருக்கிறதா? இதில் மிச்சம் பிடிக்கும் பணம் சொற்பம். குலுங்கும்போது வீட்டை பிடித்து நிறுத்துவது அந்த ரிங்தான்.

குலுங்கினால் லிப்ட் பக்கம் போகாமல், கண்ணாடி ஜன்னலை விட்டு விலகி, உறுதியான மேஜைக்கு அடியில் பதுங்குவது நல்லது. நின்ற பிறகு கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, படி வழியாக வெளியே வரலாம்.