பச்சைக்குக் கீழே மண் இருக்கிறதா?

அடையாறிலும் தியாகராய நகரிலும் எழும் புதிய அடுக்ககங்களின் விளம்பரங்களில் ‘பிளாட்டினம்’, ‘கோல்டு’ என்று பசுமைச் சான்றுகள் மின்னுகின்றன. அருகிலேயே புல்வெளியின் படம். வீடு வாங்குவோர் மனத்தில் எழும் கேள்வி நியாயமானது: இவ்வளவு பச்சை இருந்தால் ஐப்பசி மழைக்கு வளாகத்தில் தண்ணீர் தேங்காதுதானே? அதற்கான பதில் புல்லில் இல்லை, புல்லுக்குக் கீழே எவ்வளவு மண், எந்த நிலையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. பசுமைக் கட்டட மதிப்பீட்டில் நிலவடிவமைப்பாளருக்கு உள்ள உண்மையான வேலையும் அதுதான்.

இந்த மதிப்பீட்டின் வரலாறு சுருக்கமானது. பிரிட்டனின் ‘பிரீயம்’ முறை 1990இல் வந்தது. அமெரிக்க ‘லீட்’ அந்தப் பத்தாண்டின் இறுதியில். இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் 2001இல் தொடங்கியது. ‘கிருஹா’ 2007இல் தேசிய முறையானது. இந்த முறைகளில் ஆற்றல் சேமிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ‘லீட்’ நான்காம் பதிப்பில் புதிய கட்டடத்துக்கான 110 புள்ளிகளில் ‘நீடித்த மனை’ பிரிவுக்கு 10 மட்டுமே. அதில் மழைநீர் மேலாண்மைக்கு அதிகபட்சம் 3.

மண்ணுக்குள் நடப்பதோ வியக்க வைப்பது. ஒரு நுண்குழாயில் பாயும் நீர் அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். ஆரம் இரு மடங்கானால் நீர் 16 மடங்கு; பத்து மடங்கானால் 10,000 மடங்கு! களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. துகள்களுக்கு இடையிலுள்ள துளைகளும் அதற்கேற்ப நுண்ணியவை. அந்த மண்ணில் ஒரு வேர் மட்கி ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வழி விட்டுப்போனால், எண்ணற்ற துளைகள் சேர்ந்தும் செய்ய முடியாததை அந்த ஒரு வழி செய்துவிடும். மண்புழுவின் வளையும் அப்படித்தான். 1920களில் மாம்பலம் நெடிய ஏரியைத் தூர்த்து எழுந்தது தியாகராய நகர். ஏரிப்படுகையின் களிமண்ணில் இத்தகைய வழிகளுக்கு மதிப்பு அதிகம்.

மயிலாப்பூர் வீடுகளின் காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பெசன்ட் நகர் மணல் கொரகொரப்பாக அரைத்த பொடி. டிக்காக்‌ஷன் தானாக இறங்கிவிடும். தியாகராய நகர்க் களிமண் மாவாக அரைத்த பொடி. கட்டுமான லாரியும் மண்வாரி இயந்திரமும் அதை ஓங்கி அமுக்கும் கை; அதற்குப் பிறகு ஊற்றும் வெந்நீர் மேலேயே நிற்கும். மரவேர்தான் பொடியைக் கிளறிவிடும் கரண்டி. இரண்டடுக்கு நிலத்தடி வாகன நிறுத்தத் தளத்தின் கூரைமேல் கொஞ்சம் மண் பரப்பி வளர்த்த புல்வெளியோ அடியில் துளையே இல்லாத ஃபில்டர். அதில் எவ்வளவு நல்ல பொடி போட்டாலும் கீழ்ப் பாத்திரம் காலியாகவே இருக்கும்.

மதிப்பீட்டு முறைகள் இதை அறியாதவை அல்ல. கட்டும்போது நிலத்தையும் மேல்மண்ணையும் காக்க ‘கிருஹா’வில் தனி விதிகள் உண்டு. ஆனால் புள்ளிகள் கூட்டித்தான் பட்டம் கிடைக்கிறது. மண்ணில் இழந்ததைக் கண்ணாடியிலும் குளிர்சாதனத்திலும் ஈடுகட்டிக்கொள்ளலாம். மண்ணுக்கு அந்த ஈடு போய்ச் சேராது.

மழைநீர் சேகரிப்புக் குழிகள் போதாதா என்று கேட்கலாம். 2003 முதல் தமிழகத்தில் அவை கட்டாயம், பயனுள்ளவையும்கூட. ஆனால் குழியில் வண்டல் அடைத்தால் யாராவது தூர்வார வேண்டும். வேரும் புழுவும் தம் வழிகளைத் தாமே புதுப்பித்துக்கொள்கின்றன. குழியோடு சேர்ந்தே அவை வேலை செய்யும். புயல் மழையில் எந்த மண்ணும் நிறைந்துவிடும் என்பதும் உண்மை. 2015 டிசம்பர் வெள்ளத்தை எந்தத் தோட்டமும் குடித்துவிட்டிருக்காது. தோட்டத்துக்கான கணக்கு வேறு: பருவத்தின் சாதாரண மழைகளைத் தெருவுக்கு அனுப்பாமல் நிலத்தடியில் சேர்த்தால், 2019 கோடை போன்ற வறட்சியில் அது கிணற்றுக்கு உதவும். வண்டி நிறுத்த அடித்தளம் வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. வேண்டும்தான், அது மனையின் எல்லைவரை விரிய வேண்டியதில்லை. பக்கத் திறவிடங்களில் ஒரு பட்டையையாவது தோண்டாமல், லாரி ஏறாமல் வேலியிட்டுக் காக்கலாம்.

அந்தப் பட்டை எங்கே என்பது முதல் வரைபடத்திலேயே முடிவாக வேண்டும். நிலவடிவமைப்பாளரைக் கடைசி மாதத்தில் செடி வைக்க அழைத்தால் அவர் செய்ய எதுவும் மிஞ்சாது. ஆகவே வீடு வாங்குவோரே, சான்றிதழைப் பார்த்த கையோடு அடித்தளத்தின் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். மனைக் கோட்டுக்கும் அடித்தளக் கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவுதான் அந்த வளாகம் மழைக்கு விட்டுவைத்த நிலம்.