மகனைக் கடையில் இருத்துவதற்கு முன்

சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பும் வழியில் பழைய நண்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். புறக்கோட்டையில் மின்சாரப் பொருட்கள் விற்பவர். மகன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான் என்றார். "இனி என்ன செய்யப் போறார்?" என்று கேட்டேன். "என்ன செய்ற நானா, படிப்பு அவ்வளவு ஓடுதில்ல. கடையில இருத்தத்தான் வேணும். பழகட்டும்" என்றார்.

இந்தப் பதிலை முப்பது வருடங்களாகக் கேட்டு வருகிறேன். நானும் வாப்பாவால் கடையில் இருத்தப்பட்டவன்தான். வியாபாரத்தைக் குறைவாகச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அது நபிகளார் (ஸல்) அவர்கள் செய்த தொழில். எனது கவலை வேறு. ஒரு புதிய சரக்கை இறக்குவதற்கு முன் நாம் மூன்று இடத்தில் விலை கேட்கிறோம். எவ்வளவு நாளில் விற்றுத் தீரும், பணம் எப்போது கைக்கு வரும் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால், பதினாறு வயதுப் பிள்ளையின் நாற்பது வருட உழைப்பை ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிவு செய்துவிடுகிறோம்.

நமக்குத் தெரிந்த மூன்று பாதைகள்

நமது வீடுகளில் பேசப்படும் பாதைகள் மூன்றுதான். ஒன்று உயர்தரம் படித்துப் பல்கலைக்கழகம் போவது. இரண்டாவது கடை. மூன்றாவது வெளிநாடு.

முதலாவதைப் பார்ப்போம். வருடந்தோறும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். அரச பல்கலைக்கழகங்களுக்கு வருடத்தில் தெரிவாகின்றவர்கள் 40,000க்குச் சற்று மேல். மற்றவர்கள் எங்கே போகிறார்கள்? நல்ல பிள்ளைகள் பலர் இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை என்று உயர்தரம் எழுதி, 21, 22 வயதில் கையில் எந்தத் தொழிலும் இல்லாமல் கடைக்கு வருகிறார்கள். அதே பிள்ளை பதினாறு, பதினேழு வயதில் ஒரு தொழிலைக் கற்கத் தொடங்கியிருந்தால், 22 வயதில் சான்றிதழும் சில வருட அனுபவமும் உள்ள தொழிலாளியாக இருந்திருப்பான். படிக்கக்கூடிய பிள்ளையைத் தடுக்கச் சொல்லவில்லை. படிப்பில் நாட்டமில்லாத பிள்ளையை வெறும் பெயருக்காக வகுப்பில் இருத்தி வைப்பதுதான் நட்டம்.

கடை எரியலாம், கைத்தொழில் எரியாது

இரண்டாவது பாதையான கடையைப் பற்றி நாம் மனம் திறந்து பேச வேண்டும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் வீட்டையும் கடையையும் விட்டு வெளியேற்றப்பட்டனர். 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் திகனையிலும், 2019 மே மாதம் மினுவாங்கொடையிலும் நமது கடைகள் எரிந்தன. 2020இல் கொரோனா வந்து கடைகளை மாதக்கணக்கில் பூட்ட வைத்தது. 2022இல் டொலர் இல்லாமல் சரக்கு வரவில்லை. பல கடைகளில் இராக்கைகள் காலியாகக் கிடந்தன.

அந்த 2022ஆம் ஆண்டில் யாருக்கு வேலை இருந்தது என்று சற்று யோசித்துப் பாருங்கள். புதிய வாகனம் வாங்க முடியாத காரணத்தால் பழைய வாகனத்தைத் திருத்த ஆள் தேவைப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் கடந்த ஐந்து வருடங்களில் நல்ல மோட்டார் பாஸ்மாரின் கராஜ்களில் வாகனங்கள் வரிசையில் நின்றன. குளிரூட்டி திருத்துபவருக்கும், தண்ணீர் மோட்டார் சுற்றுபவருக்கும், தையல்காரருக்கும் வேலை இருந்தது.

கடை ஓர் இடத்தில் நிற்கும் சொத்து. தொழில் மனிதனோடு நடந்து வரும் சொத்து. மகனுக்கு இரண்டையும் கொடுக்க முடியுமென்றால் ஏன் ஒன்றை மட்டும் கொடுக்க வேண்டும்?

என்.வீ.கியூ. என்பது என்ன?

வெளிநாட்டுப் பாதையைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு சம்பவம் போதும். எங்கள் கடையில் சாமான் ஏற்றி இறக்கிய ஒரு தம்பி, மாலை நேரங்களில் ஒரு பைப் பாஸோடு போய் வேலை பழகினார். நான்கு வருடத்தில் கெட்டிக்காரராகிவிட்டார். பின்னர் வளைகுடா நாடொன்றுக்குப் போனார். அங்கே சான்றிதழ் கேட்டார்கள். இவரிடம் இருந்தது கை மட்டும்தான். உதவியாளர் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இவரை விடக் குறைவாக வேலை தெரிந்த ஒருவர், கடதாசி வைத்திருந்த காரணத்தால், இவருக்கு மேலே நின்றார். "நானா, வேலைய நான் செய்றன், சம்பளத்த அவர் எடுக்கிறார்" என்று தொலைபேசியில் சொன்னார். அவர் நாட்டில் இருந்தபோது அந்தக் கடதாசியைப் பற்றி நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்று எனக்கும் தெரியாது.

அந்தக் கடதாசியின் பெயர்தான் தேசிய தொழிற் தகைமை. சுருக்கமாக என்.வீ.கியூ. என்பார்கள். இதில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ்கள். நான்காம் மட்டம் பெற்றவர், பிறர் மேற்பார்வை இல்லாமல் தனித்து வேலை செய்யக்கூடிய முழுமையான தொழிலாளி என்று கருதப்படுவார். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாம் மட்டம் பட்டம். அதற்காகவே 2008ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் யுனிவொடெக் என்னும் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இரத்மலானையில் அமைக்கப்பட்டது. ஆகவே, "தொழில் படித்தால் படிப்பு அத்தோடு முடிந்தது" என்ற பேச்சு சரியல்ல. கராஜில் தொடங்கும் பிள்ளையும் பட்டம் வரை ஏறுவதற்குப் படி இருக்கிறது.

இன்னொரு முக்கியமான விடயம். ஏற்கனவே தொழில் தெரிந்தவர்கள் மீண்டும் வகுப்பில் இருந்து படிக்க வேண்டியதில்லை. அவர்களது அனுபவத்தைச் சோதித்து, செய்முறைப் பரீட்சை வைத்து, என்.வீ.கியூ. சான்றிதழ் வழங்கும் முறை உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதற்குப் பெயர். உங்கள் கடையில், உங்கள் கராஜில், உங்கள் பேக்கரியில் பத்து வருடம் வேலை செய்தவர் இருந்தால் அவருக்கு இதைச் சொல்லுங்கள்.

எங்கே படிக்கலாம்?

தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையை நைட்டா என்று அழைக்கின்றனர். இதன் சிறப்பு, பிள்ளை வேலைத்தளத்திலேயே தொழில் பழகுவது. கராஜ், அச்சகம், தளபாடப் பட்டறை, நகைப் பட்டறை போன்றவை வைத்திருப்பவர்கள் தமது இடத்திலேயே பயிலுநர்களைச் சேர்த்துக்கொள்வது பற்றி இவர்களது மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் வேலையையும் இவர்கள் செய்கிறார்கள்.

1995ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தொழிற்பயிற்சி அதிகார சபைக்கு நாடெங்கும் நிலையங்கள் உள்ளன. வயரிங், வெல்டிங், குழாய் பொருத்துதல், குளிரூட்டி திருத்துதல், அலுமினிய வேலை, தையல், கணினி எனப் பல பாடநெறிகள் நடக்கின்றன. தொழில்நுட்பக் கல்லூரிகள் இன்னொரு வழி. இவற்றுள் பழமையான மருதானைக் கல்லூரி 1893இல் தொடங்கியது. மொறட்டுவையில் உள்ள ஜேர்மன் டெக் 1959இல் ஜேர்மனிய உதவியுடன் ஆரம்பிக்கப்பட்ட நிறுவனம். மோட்டார் வாகனத் தொழிலில் அதன் சான்றிதழுக்கு நல்ல மதிப்பு. போட்டியும் அதிகம், எனவே விண்ணப்ப அறிவித்தலைத் தவறவிடக் கூடாது.

இரத்தினபுரி, பேருவளை போன்ற இடங்களில் மாணிக்க வியாபாரம் செய்யும் குடும்பங்கள், கடுவலையில் உள்ள இரத்தினக்கல் மற்றும் ஆபரண ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனத்தை விசாரிக்கலாம். கல்லைக் கண்ணால் பார்த்து விலை சொல்வது நமது முன்னோரின் திறமை. இன்று வாங்குபவர் ஆய்வுகூட அறிக்கை கேட்கிறார். அந்த அறிக்கையை வாசித்து விளங்கக்கூடிய ஒருவர் குடும்பத்தில் இருப்பது நல்லது.

பாடசாலையிலும் வழி உண்டு. 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில்கூட இதற்கான பீடம் உள்ளது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் பாடசாலையிலேயே இருந்து தொழிற்பாடங்களைப் படிக்கலாம். எல்லாப் பாடசாலைகளிலும் இது இல்லை. அருகில் எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள்.

பெண் பிள்ளைகள்

மகளைப் பற்றி யோசிக்கும்போது, தையல் ஒன்றோடு நாம் நின்றுவிடுகிறோம். பேக்கரி மற்றும் கேக் தயாரிப்பு, அழகுக்கலை, முன்பள்ளி ஆசிரியை, கணினி வரைகலை போன்ற தொழில்களிலும் என்.வீ.கியூ. பெறலாம். இவற்றுள் சில வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை. வெளியிடப் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தால் எந்த இடம், என்ன நேரம், அங்கே எதைச் சமைக்கிறார்கள், எதைப் பரிமாறுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது பெற்றோரின் உரிமை. கேட்டுப் பார்க்காமலே "எங்களுக்குச் சரிவராது" என்று சொல்லிவிடுவதுதான் பிழை.

கடைக்கும் இலாபம்தான்

சிலர் கேட்பார்கள்: "மகன் வயரிங் படித்தால் கடையை யார் பார்ப்பது?" பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வரும் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பொருளின் விலையைக் கேட்பதற்கு முன் "எது பொருந்தும்?" என்றுதான் கேட்கிறார்கள். எந்த வயர் எந்த மோட்டாருக்குத் தாங்கும், எந்த வால்வ் எந்தக் குழாய்க்குச் சரி என்று சொல்லத் தெரிந்தவரிடம் வாடிக்கையாளர் மீண்டும் வருவார். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்பவருடைய மகன் ஹைபிரிட் வாகனத்தின் பெற்றரியைப் பற்றிப் படித்திருந்தால் அந்தக் கடையின் நிலை என்ன என்று யோசியுங்கள். விற்பதோடு பொருத்திக் கொடுக்கவும் செய்தால் வருமானம் இரண்டு.

விண்ணப்பிக்க முன்

ஒன்று, பிள்ளையிடம் கேளுங்கள். வாப்பாவுக்குப் பிடித்த தொழில் வேறு, மகனின் கைக்கு வரும் தொழில் வேறு. விடுமுறையில் இரண்டு, மூன்று வேலைத்தளங்களுக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள்.

இரண்டு, பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையான மாதங்களை வீணாக்க வேண்டாம். குறுகிய காலப் பாடநெறி ஒன்றையோ, சிங்களத்தையோ ஆங்கிலத்தையோ படிக்க அது நல்ல நேரம். எல்லா நிலையங்களிலும் எல்லாப் பாடநெறிகளும் தமிழில் நடப்பதில்லை. மொழிமூலத்தை முதலிலேயே கேளுங்கள்.

மூன்று, தனியார் நிறுவனங்களில் பணம் கட்டுமுன் விசாரியுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அத்தோடு நிற்க வேண்டாம். நிறுவனத்தின் பதிவு வேறு, பாடநெறிக்கான அங்கீகாரம் வேறு. பதிவு செய்த நிறுவனத்திலும் அங்கீகாரம் இல்லாத பாடநெறி நடக்கலாம். முடிவில் கிடைப்பது என்.வீ.கியூ. சான்றிதழா, அல்லது அவர்களே அச்சடித்த வண்ணக் கடதாசியா என்று நேரடியாகக் கேளுங்கள்.

நான்கு, வேலைக்குச் சேர்க்கும் ஆகக் குறைந்த வயது 2021 முதல் 16 ஆகும். ஆபத்தான வேலைகளுக்கு 18 வயது பூர்த்தியாக வேண்டும். அந்த வயதுக்குக் குறைந்த பையனைக் கடையிலோ பட்டறையிலோ நிறுத்துவது சட்டப்படி குற்றம். அவன் படிக்க வேண்டிய வயது அது.

தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்பினால் கவசம் செய்தார்கள். ஸக்கரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தார்கள். நபிமார் செய்த கைத்தொழிலை நமது மகன் செய்வதில் என்ன வெட்கம்? கல்யாணப் பேச்சு வரும்போது "மாப்பிள்ளை பாஸ் வேலையா?" என்று முகம் சுளிப்பதை முதலில் நாம் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் இத்தொழில்களுக்குப் போகத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் நமது அந்த முகம்தான்.

நண்பரிடம் அன்று இவ்வளவும் சொல்ல நேரமிருக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "மகன் வீட்டில் சும்மா இருக்கும்போது என்ன செய்கிறார்?" சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "கடையில பழுதாப் போன பேன் எல்லாத்தையும் கழட்டிக் கழட்டிப் பூட்டுவான். ஏசிட்டே இருக்கன்."

போன கிழமை மீண்டும் சந்தித்தேன். மகனைக் கூட்டிக்கொண்டு போய் மருதானையில் விண்ணப்பப் படிவம் எடுத்து வந்திருக்கிறார். பின்னேரங்களில் கடைக்கும் வருவானாம். ஏசுவதை நிறுத்திவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அல்லாஹ் நம் அனைவருடைய பிள்ளைகளின் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக.