சர்க்கரையோடு சேர்ந்து வரும் மனச்சோர்வு: பேச்சுச் சிகிச்சை என்ன செய்யும்?

இரண்டும் சேரும்போது

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. மனம் சோர்ந்தவருக்கு மாத்திரை போடத் தோன்றாது, நடக்கப் பிடிக்காது, சாப்பாட்டு நேரம் தாறுமாறாகும். சர்க்கரை ஏறும், ஏறிய சர்க்கரை உடலை அசத்தி, மனத்தை இன்னும் கீழே இழுக்கும். அசதி, தூக்கக் கோளாறு, பசி மாற்றம் இரண்டு நோய்க்கும் பொது என்பதால், "எல்லாம் சுகர்தான்" என்ற பேச்சில் மனச்சோர்வு மறைந்துவிடுகிறது. எதிலும் நாட்டமின்மையும் மனக்கனமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை வெறும் அசதி என்று விடக்கூடாது.

பட்டாசு வட்டாரத்தில்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்களில் பலருக்குச் செய்த எண்ணிக்கைக்கே கூலி. மருத்துவமனை வரிசையில் நிற்கும் நாளின் கூலி போய்விடும். பெரும்பாலும் உட்கார்ந்தே செய்யும் வேலை. வெடிவிபத்து பயம், விபத்தில் உறவை இழந்த துக்கம், ஆலை மூடிய காலத்துக் கடன் எல்லாம் இதன் மேல். "மனசைத் தேத்திக்கோ" என்ற சொல் இவற்றுக்கு மருந்தாகாது.

அமர்வில் நடப்பது

பேச்சுச் சிகிச்சை அறிவுரை வகுப்பு அல்ல. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, அரை மணி முதல் ஒரு மணி நேரம், சில மாதங்கள் நடக்கும். சோர்வால் கைவிட்ட செயல்களைச் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்குவது ஒரு வழி: வேலை முடிந்து பத்து நிமிட நடை, இருக்கன்குடி கோயிலுக்குப் போய்வருதல், நின்றுபோன அக்கம்பக்கத்துப் பேச்சு. மனம் தெளிந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யச் செய்ய மனம் தெளியும் என்பதே இதன் அடிப்படை.

இன்னொரு வழி, சிக்கலைத் துண்டு துண்டாக்கித் தீர்ப்பது. விடிகாலையில் சாப்பிடாமல், மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுபவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். அவரும் ஆலோசகரும் காலை உணவுக்கு நேரம் கண்டுபிடிப்பார்கள். மாத்திரை வேளையை மாற்றுவது மருத்துவர் பொறுப்பு. "கால் போகப்போகிறது, இனி என்ன செய்து என்ன" போன்ற எண்ணம் உண்மைதானா என்று சோதித்துப் பார்ப்பது மூன்றாவது வழி.

சான்றுகள்

சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லி ஆகிய நகரங்களில், இரு நோயும் உள்ள 404 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் தொடர்ந்து பேசிக் கவனிக்க, மருத்துவர்கள் இரு நோய்க்கும் மருந்தைச் சரிசெய்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், மனச்சோர்வு பாதியாவது குறைந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது முன்னேறியவர்கள் 71.6 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 57.4. இதில் மருந்துக்கும் பங்கு உண்டு. பேச்சு மட்டும் மனத்தைத் தேற்றினாலும், சர்க்கரையை எப்போதும் இறக்குவதில்லை.

கோவாவில் நடந்த இன்னோர் ஆய்வில், மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் மனச்சோர்வைக் குறைத்தார்கள். மனநல மருத்துவர்கள் குறைவான மாவட்டங்களுக்கு இதுவே பொருத்தமான பாதை. 2021இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதே வாசலில் மனநிலை பற்றியும் இரண்டு கேள்வி கேட்கலாம்.

உதவி பெற

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். சர்க்கரை மருந்தை நிறுத்தக்கூடாது. உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.