ஒரே வாக்காளர், இரு தீர்ப்புகள்: தில்லி உணர்த்துவது என்ன?

புது தில்லி: தில்லியின் 7 மக்களவைத் தொகுதிகளையும் 2019 மே மாதத்தில் பாஜக கைப்பற்றியது. ஒன்பதே மாதங்களில், சட்டப்பேரவையின் 70 இடங்களில் 62-ஐ ஆம் ஆத்மி கட்சி வென்றது. இரு கட்சிகளுமே அந்தந்தத் தேர்தலில் பாதிக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றன. அதாவது, கணிசமானோர் மாற்றி வாக்களித்துள்ளனர்.

மக்களவைத் தேர்தலில் பிரதமர் யார் என்பதும் தேசப் பாதுகாப்பும் முன்னின்றன. பேரவைத் தேர்தலிலோ 200 யூனிட் வரை இலவச மின்சாரம், அரசுப் பள்ளிகள், பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் ஆகியவை பேசப்பட்டன. பதவிக்கேற்ப வாக்காளரின் அளவுகோலும் மாறியது.

அந்த ஆதரவும் நிலைக்கவில்லை. 2025 பேரவைத் தேர்தலில் பாஜக 48 இடங்களில் வென்று ஆட்சியைப் பிடித்தது. ஒரு தேர்தலில் கிடைத்த வாக்கு, அடுத்த தேர்தலுக்கான உத்தரவாதம் அல்ல.